மூணு மேகம்

கொருக்குப்பேட்டை கேட்டு மூடினால் பதினைந்து நிமிஷம்.
கூட்ஸ் என்றால் கணக்கே இல்லை.
இஞ்சினை அணைத்துவிட்டு
எல்லாரும் இடது பக்கம் திரும்புவோம்.
எத்திராஜின் வெல்டிங் கடைச் சுவரில்
கறுப்புப் பெயின்ட் அடித்த தகரம்,
அதில் சாக்பீஸால் ஒரு கேரம் போர்டு.
தினமும் புதுசு.
வெள்ளை இரண்டு, கறுப்பு ஒன்று, மூலையை ஒட்டி ரெட்டு.
கீழே: 'ஒரே அடி. ஃபாலோவும் விழணும்.'

ஏழு வருஷம்.
துலுக்காணத்தோடு நான் பேசியதும் பேசாமல் இருந்ததும்
அந்தக் காய்களால்தான்.
என் ஷேர் ஆட்டோவில் முன்சீட்டுப் பியூலா
டிபன் டப்பா மூடியில் விரலால் கோடிழுத்து
கேட்டு தூக்குவதற்குள் சொல்லிவிடுவாள்.
மறுநாள் தகரத்தின் ஓரத்தில் விடை இருக்கும், சின்னதாய்.
பெரும்பாலும் அவள் சொன்னதுதான்.

ஆடி முடிந்த திங்கள்கிழமை
தகரத்தில் காய் இல்லை.
வளைந்து வளைந்து நாலு கோடு.
'மணலிப் பக்கம். காலை ஆறே கால்.
மூணு மேகம்.'

உடம்பு சரியில்லையோ என்றோம்.
செவ்வாயும் மேகம். புதனும்.
வியாழன் வந்ததற்கு வால் இருந்தது.

'இன்னாயா இது, மழை ஆபீசா?'
என்றார் தண்ணி லாரிக்காரர்.
'சனிக்கிழமையாச்சும் கேரம் போடச் சொல்லு'
என்று என்னைத் தூது விட்டார்கள்.
நல்லாத்தான் இருக்கு என்று சொன்ன ஜிலானி
இரண்டு நாள் தனியாக நின்றான்.
யாரோ ராத்திரியில் மேகத்தின் மேலேயே
காய் வரைந்து வைத்தார்கள்,
எந்தக் குழிக்கும் போகாத காய்கள்.
துலுக்காணம் தகரத்துக்கு முதுகு காட்டி நின்றார்:
'இவனை நம்பித்தானே தினம் இந்த வழியா வந்தேன்.'
அவருக்கு வேறு வழி கிடையாது.
எனக்குத் தெரியும்.

காசு கொடுத்திருந்தால் திருப்பிக் கேட்டிருக்கலாம்.
கொடுக்கவில்லை.
அதனால் இந்தக் கோபத்தை
எங்கே இறக்குவதென்று தெரியாமல்
கடைசி ஸ்டாப்பிங் வரைக்கும் ஏற்றிக்கொண்டு போனேன்,
சவாரிக்காசு தராத ஆளைப் போல.

ஒருநாள் கேட்டே விட்டேன்.
கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினான் எத்திராஜ்.
'கேரம் தீந்துபோச்சுண்ணே.'
போர்டுலயா?
'எனக்குள்ள.'
மறுபடி பொறி பறந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

ஐப்பசியில், நாலு நாள் மழை விட்ட காலை,
தகரத்தில் இருந்தது:
'இன்னைக்கும் மூணு.
அதுல ஒண்ணு மேகம் இல்ல.'

கேட்டு மூடியிருந்தது.
டேங்கர் வண்டிகள் ஒவ்வொன்றாய் உருண்டுகொண்டிருந்தன.
பியூலா டப்பா மூடியைக் கையில் எடுத்தாள்,
எதற்கென்று தெரியாமல் மடியில் வைத்தாள்,
வடக்கே பார்த்தாள்.
'நடுவுல இருக்கறது.'
'கடைசிது,' என்றேன். 'அடியப் பாரு, ஒல்லியா
கீழேர்ந்து வருது.'
தண்ணி லாரிக்காரர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

துலுக்காணம் திரும்பவே இல்லை.
மூணு மாசமாய் அவர் பார்த்து நின்ற பக்கம்தான் மணலி
என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.
'மூணுமே இல்ல,' என்றார்.

விடை மறுநாள் ஓரத்தில் வரவில்லை.
அதற்கும் திட்டினோம்.