முறி

மஸ்கிரேவ் சாலை, இரண்டாம் மாடி.
வட்ட மேசைதான் வேண்டும் என்று
பிடிவாதமாய் வாங்கிப் போட்டவர் திருமதி குமாலோ,
என் வக்கீல்.
தலைமாடு கால்மாடு இல்லாத மேசையில்
எங்கே உட்காருவதென்று தெரியாமல்
பத்தொன்பது வருடப் பழக்கத்தில்
லோகனின் இடப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன்.
யாரும் சிரிக்கவில்லை.

முதல் நாள் நால்வரும் கையெழுத்திட்டோம்:
ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுவதில்லை,
ஒருவரிடம் ஒருவர் எதையும் மறைப்பதில்லை.
நாங்கள் கோர்ட் படி ஏறினால்
இவர்கள் இருவரும் இறங்கிவிடுவார்கள்.
புது வக்கீல், புதுக் கட்டணம்,
முதல் வார்த்தையிலிருந்து மறுபடியும்.

"அப்போ நாங்க சண்டை போட்டா
உங்களுக்கும் நஷ்டமா?"
"ஆமாம்" என்றார் படையாச்சி, லோகனின் வக்கீல்,
மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி.
அன்றைக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

என் அக்கா வழக்கு ஐந்து வருடம் நடந்தது.
ஃபிரிட்ஜை வாங்கியது யார் என்பதற்கே
இரண்டு வாய்தா.
தீர்ப்பு வந்த அன்று
ஃபிரிட்ஜ் ஓடவில்லை,
பையன் தாடி வைத்திருந்தான்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
படித்ததில் மிச்சம் சில சொற்கள்.
முறி என்றால் உடை.
முறி என்றால் எழுதிக் கொடுத்த சீட்டும்தான்.
சாட்ஸ்வொர்த் வீட்டுக்காக வங்கிக்கு எழுதிக் கொடுத்தது,
இன்னும் பதினொரு வருடம் பாக்கி,
அதுவும் ஒரு முறி.
பிரிப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை:
அந்த வீடு, அவர் வேன்,
கஞ்சி வார்க்கிற பெரிய அண்டா,
பதினான்கு வயதில் திருஷா.

அவள் கடிதம் அனுப்பியிருந்தாள்.
ஒரே வரி.
"நாய் எங்கேயோ, நான் அங்கே."
மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் இருவரும்
கொடுக்கும் இருவரும்
அன்று மதியம் முழுக்க
ஒரு நாயைப் பற்றிப் பேசினோம்.

மூன்றாம் அமர்வில் கரண்ட் போனது.
அட்டவணைப்படி போவதுதான்,
ஆனாலும் திடுக்கிட்டோம்.
வெளியே ஹடேடாப் பறவைகள்
யாரோ வழுக்கி விழுந்ததுபோல் சிரித்துக்கொண்டு போயின.
குமாலோ கைபேசியை எரியவிட்டு
அதன்மேல் தண்ணீர்க் குவளையை வைத்தார்.
மேசை நடுவே கலங்கலாக ஒரு விளக்கு.

அந்த வெளிச்சத்தில் லோகன்
சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் எடுத்தார்.
"இதை யாரும் கேக்கல."
ஒரு சேமிப்புக் கணக்கு.
முப்பத்தோராயிரம் ராண்ட்.
நான் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது.

ஆரம்பித்த தேதியைப் பார்த்தேன்.
திருஷாவின் பல் கிளிப்புக்கு
நான் கடன் கேட்டு அலைந்த மாதம்.
கோர்ட்டாக இருந்தால்
அந்தத் தேதி ஒன்றை வைத்தே
அவரை நாராகக் கிழித்திருக்கலாம்.
குமாலோ என்னையே பார்த்தார்.
படையாச்சி பேனாவைப் பார்த்தார்.
தொண்டையில் ஏறியதை
ஒரு மிடறு தண்ணீரோடு இறக்கலாமென்றால்
குவளையோ விளக்காகியிருந்தது.

"எழுதிக்கோங்க" என்றேன்.

அதைச் சொன்ன அதே வாய்
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில், அக்காவின் பீரோவில்,
குளிர்காலத் துணிக்கு அடியில் கிடக்கும்
நான்கு வளையல்களைப் பற்றி
மூச்சுவிடவில்லை.

லிஃப்ட் ஓடாது. படியிறங்கினோம்.
அவர் முன்னால்,
கையைப் பின்னுக்கு நீட்டி
வெளிச்சத்தை என் காலடிக்குப் பிடித்தபடி.
பழக்கம்தான். வேறொன்றும் நினைக்க வேண்டாம்
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்,
படிக்கு ஒரு தரம்.

கீழே என் கார்க் கூரையில் ஒரு குரங்கு
யாருடைய மதிய ரொட்டியையோ
நிதானமாகப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தது.

"வளையல்..." என்றேன்.
"தெரியும்" என்றார்.
"செவ்வாய்க்கிழமை, மேசையில சொல்லு."

குரங்கு இறங்கும்வரை
இருவரும் அங்கேயே நின்றோம்.