பட்டியலில் எழுதாதது

செப்டிக் டேங்க் மூடியை மறைக்கத்தான் வைத்தேன்.
பள்ளத்தூருக்கு மாற்றலாகி வந்த புதிது.
காரைக்குடி திங்கள் சந்தையில்
பால் பாக்கெட் மண்ணில் ஒரு சாண் தண்டு.
முப்பது என்றான். இருபதுக்குக் கேட்டேன்.
'பத்து குடுங்கம்மா' என்றான்.
அவன் அப்படி இறங்கியபோதே
எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கொடிரோஸ்.
ஆறே மாதத்தில் மூடியை மறைத்தது,
குழாயை மறைத்தது,
துணி காயும் கம்பியை மறைத்தது,
கொய்யாவின் மேல் ஏறி உட்கார்ந்து
கொய்யாவையே மறைத்தது.
நான் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தேன்.
அத்தனை பூ, அத்தனை தேனீ.
'இதைச் சாகடிக்கவே முடியாது' என்று
பெருமையாகச் சொன்னது இந்த வாய்தான்.

கேட்டவர்களுக்கெல்லாம் ஒடித்துக் கொடுத்தேன்.
கட்டிக்கொடுக்கும் மகளுக்கு
மங்குத் தட்டு எத்தனை, கரண்டி எத்தனை என்று
பட்டியல் எழுதும் ஊர் இது.
நான் மட்டும் எதையும் எழுதி வைக்கவில்லை.

மூன்றாம் வருடம் கொய்யா காய்க்கவில்லை.
உப்புக் கொட்டச் சொன்னார் ஆபீஸ் ரூம் கிளார்க்.
கொட்டினேன்.
கொய்யா வாடியது.
அது வாடவில்லை.

சவரிமுத்து வந்து அரை நாளில் அறுத்துப்போட்டார்.
பதினைந்தாம் நாள், ஒன்று இருந்த இடத்தில் ஐந்து.
'மேல அறுத்தா அதுக்கு முடி வெட்டுன மாதிரிம்மா.
கீழ போகணும்.'

போனோம்.
செம்புறாங்கல்லில் கடப்பாரை மோதி
தெருவே கேட்டது.
முதல் கிழங்கு கோழிமுட்டை அளவு,
அப்புறம் தேங்காய்,
அப்புறம் ஒன்று, மண்ணோடு,
இரண்டு கையாலும் தூக்கவேண்டி வந்தது.
நறுக்கினால் உள்ளேயும் ரோஸ்.
சிமென்ட் சாக்கில் கட்டி
பழைய பேப்பர்க்காரர் தராசில் வைத்தோம்:
இருபத்தாறு கிலோ.
மேலே பூத்ததெல்லாம்
கிழங்கின் செலவுக்காசு.

கடைசி வேர் சுவருக்கு அடியில்
தேனம்மை ஆச்சி வீட்டுக்குள் போயிருந்தது.

நாங்கள் பேசி இரண்டு வருடம்.
சாக்கடைத் தண்ணீர் விவகாரம்,
இருவர் மேலும் தப்பு, எனக்குக் கொஞ்சம் குறைவு.
வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று கூப்பிட்டேன்.

'ஒங்க கொடின்னு தெரியும்.
நீங்களாச் சொல்லுவீகன்னு பாத்துக்கிட்டிருந்தேன்.'

இரண்டு வருடமாக, சனிக்கிழமை தவறாமல்,
தன் பக்கம் எட்டிய நுனிகளைக் கத்தரித்து
என் பக்கம் வீசாமல்
தன் குப்பையோடு சேர்த்துப் போட்டிருக்கிறார்.
அந்தக் குப்பை போய்ச் சேர்ந்த ஊருணிக் கரை மேட்டில்
இப்போது அது செழித்துக் கிடக்கிறது.
எங்கள் இருவரின் கூட்டுச் சொத்து.
கடப்பாரையை வாங்கிக்கொண்டார்.
சாக்கடையைப் பற்றி இருவரும் பேசவில்லை.

மறுநாள் தேனீக்கள் வந்தன.
மொட்டைச் சுவர் முன்னால்
முகவரி தவறிய மாதிரி
ஒரு வாரம் சுற்றிவிட்டுப் போயின.
அவற்றிடம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

அன்று இரவு பட்டியல் எழுத உட்கார்ந்தேன்.
போஸ்ட் ஆபீஸ் கோமளவல்லி, இரண்டு தண்டு.
கோட்டையூர் நர்ஸ் ஜெபராணி, ஒன்று.
எட்டாம் வகுப்புப் பையன், பேர் ஞாபகமில்லை,
அறிவியல் கண்காட்சிக்கு.
ஒவ்வொருவரையும் கூப்பிட்டேன்.
'அய்யோ டீச்சர், வாசலே மணக்கோலமா இருக்கு' என்பவரிடம்
எப்படி ஆரம்பிப்பது?
கிழங்கிலிருந்து ஆரம்பித்தேன்.
கோமளவல்லி போனை வைத்துவிட்டார்.

கடைசியாக ரயில்வே கேட் கீப்பர் இருளப்பன்.
கொட்டகை மேலே முழுக்கப் பூத்திருக்கிறதாம்.
'கேட்டு போட்டா நிக்கிறவுக
ஆளுக்கொரு குச்சி கேக்குறாக டீச்சர்.
நான் இல்லைன்னு சொல்றதில்ல.'

காரில் வருகிறவர்களா, பைக்கில் வருகிறவர்களா
என்று கேட்டேன்.
பைக் என்றால்
கொஞ்சம் பக்கத்திலேயே நின்றுவிடும் என்பது போல.