பத்தொன்பது சென்டிமீட்டர்

சம்ப் கண்ணாடியில் நீல நாடாவை
ஒட்டிவிட்டுப் போனான் ரைகோ.
அடியிலிருந்து பத்தொன்பது சென்டிமீட்டர்.
இதற்கு மேலே ஏறினால் ஸ்கிம்மர் வழியும்,
கீழே இறங்கினால் வெறுங்காற்றை மெல்லும் என்றான்.
துர்க்குவில் கப்பலுக்கு வெல்டிங் வைக்கப் போனவன்
ஃபோனில் முதலில் விசாரிப்பது நீர்மட்டத்தை.
பிறகு என்னை.

தார்துவில் ஜனவரி. மைனஸ் இருபத்திரண்டு.
ஆற்றின் மேல் நாய்களை நடத்திக்கொண்டு போகிறார்கள்.
நான்காவது மாடியில்,
குளியலறைக் கதவுக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவே
இருபத்தைந்து டிகிரியில்
முந்நூறு லிட்டர் கடல்.

மேல்தொட்டியில் மட்டம் மாறுவதேயில்லை.
மீன்களுக்கு எப்போதும் அதே வானம்.
குறைவதெல்லாம் கீழே,
கதவு சாத்திய அலமாரிக்குள்.
ரேடியேட்டர் காய்ச்சிய காற்று
நாளுக்கு மூன்று லிட்டர் குடிக்கிறது.
தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பை வைத்துவிட்டுப் போகும்
நாணயமான திருடன்.
அவன் குடித்ததை ஈடுகட்ட ஒரு மிதவை,
நாற்பது லிட்டர் கேனில் நல்ல தண்ணீர்.
மிதவை தாழ்ந்தால் பம்ப் ஊற்றும்.
அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான் ரொட்டிக்கூடத்தில் இரவு வேலை.
பொங்குவதைப் பார்த்தே பிழைப்பவள்.
புளித்த மாவு பொங்கினால்
தெருவே மூக்கை நீட்டும்.
ஸ்கிம்மரில் பொங்குவது வேறு சாதி:
மீன் தின்ற மிச்சம், மீன் விட்ட மிச்சம்,
குமிழியின் தோளேறிக் கழுத்துவரை வந்து
கோப்பையில் நாள்பட்ட கஷாயமாய் விழும்.
அங்கிருந்து ஒரு குழாய்.
குழாயின் முடிவில் இரண்டு லிட்டர் புட்டி.

செவ்வாய் விடியற்காலை ஐந்து மணி.
பச்சைப் பவளம் பாறையிலிருந்து விழுந்து கிடந்தது.
வெள்ளையும் சாம்பலுமாய் இரண்டு துண்டுப் பசையை
ரொட்டி மாவு போலவே பிசைந்தேன்.
கை தானாகச் செய்தது.
ஒட்டினேன். நின்றது. தூங்கப் போனேன்.

பசை கரைந்த தண்ணீரில்
ஸ்கிம்மருக்குப் பித்துப் பிடிக்கும் என்று
எந்த நாடாவிலும் எழுதியிருக்கவில்லை.

பதினோரு மணிக்குக் கதவைத் தட்டியவர்
மூன்றாம் மாடி ஹெய்னார்.
ஒரு காலில் மட்டும் காலுறை.
"என் கூரை ஒழுகுகிறது.
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
உப்பு" என்றார்.
கடல் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊரில்
அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல்
மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார்.

அலமாரியைத் திறந்தேன்.
கோப்பை மூடியைத் தூக்கிக்கொண்டு நுரை.
புட்டி எப்போதோ நிறைந்து,
வெளுத்த தேநீர் நிறத்தில்
மரப்பலகையெல்லாம் ஓடியிருந்தது.
பிளக்கைப் பிடுங்கினேன்.
அப்புறம் சம்பைப் பார்த்தேன்.

பத்தொன்பது.
நாடாவின் மேல் விளிம்பைத் தொட்டபடி,
ஒரு மயிரிழை பிசகாமல்.

உப்புநீர் வெளியே போகப் போக
மிதவை நல்லெண்ணத்தோடு
நல்ல தண்ணீரை ஊற்றியிருக்கிறது.
கேன் காலி.
உப்புமானியில் முப்பத்தைந்து இருந்த இடத்தில்
முப்பத்தொன்று.
மேலே கோமாளி மீன் இரண்டும்
மூலையில் ஒட்டிக்கொண்டு
மூச்சை எண்ணிக்கொண்டிருந்தன.

ஹெய்னார் போகவில்லை.
துடைக்கத் துணி கேட்டார்.
பிழிந்த வாளியை மூன்று முறை கொட்டினார்.
பிறகு தரையில் உட்கார்ந்து மீன்களைப் பார்த்து,
"இவ்வளவு நாளாக
என் தலைக்கு மேலேயா இருந்தீர்கள்?" என்றார்.

சாயங்காலம் ரைகோ அழைத்தான்.
மட்டம்?
பத்தொன்பது என்றேன்.
பொய் இல்லை.
அப்படியே வைத்துவிட்டிருப்பேன்,
"நல்லது, நீ?" என்று அவன் கேட்காமல் இருந்திருந்தால்.

மூன்று நாளாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.
கொஞ்சம் நீரை மொண்டெடுத்து,
வாளியில் கரைத்த கரிப்பைக் கொஞ்சம் விட்டு.
அவசரப்பட்டால் உப்பும் கொல்லும்.
பனியில் வெடித்த விரல் இடுக்குகளில் எரிகிறது.
முப்பத்திரண்டு. முப்பத்து மூன்று.
கீழ்வீட்டுக் கூரையில் கறை காய்ந்து
வெள்ளையாய்ப் பூத்திருக்கிறதாம்.
வசந்தம் வரட்டும், பெயிண்ட் அடிக்கலாம் என்கிறார்.