ரகசிய வாடிக்கையாளர்

ஊத்தான் மெலிந்தாங் பெரிய ஊர் இல்லை.
நான் என்ன சவர்க்காரம் போடுகிறேன் என்று
மீன் லாரிக்காரனுக்குத் தெரியும்.
யார் வீட்டில் மாதக் கடைசி என்பதை
மைலோ பொட்டலத்தின் அளவு சொல்லிவிடும்.
ஆ லியோங் மினி மார்க்கெட் கல்லாவில்
பதினோரு வருடமாக நிற்கிறேன்.

அப்படிப்பட்ட ஊரில்
ரகசிய வாடிக்கையாளராக வந்தார் நாகேந்திரன்.

சட்டையை உள்ளே விட்டிருந்தார்.
அதிலேயே பாதி ரகசியம் போய்விட்டது.
செம்பனை ஆலையில் இருபத்தாறு வருடம்
எடைமேடைக் கிராணி.
லாரி ஏறும்போது பலகை முனகுவதைக் கேட்டே
'அம்பது கிலோ குறையுதுடா' என்பார்.
தீபாவளிக்கு முந்தின மாதம்
தானே எழுதிக்கொள்ளும் கருவி ஒன்று வந்தது.
அதற்குக் காது தேவைப்படவில்லை.

"பசியாறியாச்சா அண்ணே?" என்றேன்.
பதில் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தார்,
சின்ன நோட்டில் எதையோ குறித்தார்.
பிறகு, முன்பின் அறியாதவர் போல,
"மிஸ், கேம் கார்டு இருக்கா?
நூறு வெள்ளியில. அஞ்சு."

கொடுத்தேன்.
அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
ஐந்தையும் கொடுத்தேன், ரசீதோடு.
அவர் வெளியே அஞ்சடியில் நின்று
இருபது காசால் சுரண்டிச் சுரண்டி
ஒவ்வொன்றையும் படம் பிடிப்பதைப்
பார்த்துக்கொண்டேதான்
அடுத்த ஆளுக்கு வெங்காயம் நிறுத்தேன்.

மறுநாள் பத்தொன்பது கேட்டார்.

அப்போதுதான் வாயைத் திறந்தேன்.
அவரும் குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் பெருமையாக:
வாட்ஸ்அப்பில் வந்த வேலை.
நேர்காணல் இல்லை. வயது கேட்கவில்லை.
(வயது கேட்கவில்லை என்பதை
இரண்டு முறை சொன்னார்.)
கடைகளை வேவு பார்க்க வேண்டும்:
கல்லாக்காரி சிரித்தாளா, எத்தனை நொடியில்,
சில்லறை சரியா.
காசோலை முன்கூட்டியே வந்துவிட்டது,
இரண்டாயிரத்து எண்ணூறு,
கணக்கிலும் தெரிகிறது.
கார்டு வாங்கி எண்களை அனுப்பினால்
மீதி நானூறு சம்பளம்.

"அண்ணே,
சம்பளம் கொடுக்கறவன்
உங்க கையால சாமான் வாங்கி
அவனுக்கே அனுப்பச் சொல்வானா?
பேங்குக்குப் போங்க.
காசு வந்துருச்சான்னு கேக்காதீங்க.
தங்குமான்னு கேளுங்க."

அவர் போன் அதிர்ந்தது. மறுபடி அதிர்ந்தது.
மதியத்துக்குள் முடிக்கணும்.
யாரிடமும் சொல்லக் கூடாது, பரீட்சை கெட்டுவிடும்.

அந்த 'யாரிடமும்'தான்
என் அடிவயிற்றைப் பிடித்தது.

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றேன்.
பக்கத்தில் ஆ லியோங்
அதே மெஷினில் ஒரு வங்காளதேசப் பையனுக்கு
டாப்-அப் போட்டுக்கொண்டிருந்தார்,
டிக் டிக் என்று சத்தம் வேறு.

நாகேந்திரன் என்னைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார்.
நோட்டை எடுத்து, என் எதிரிலேயே,
அழுத்தி எழுதிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை காசோலை திரும்பியது.
ஐந்நூறு அவர் சொந்தக் காசில் போனது.
மற்ற இரண்டாயிரத்து முந்நூறு
முதலிலிருந்தே இல்லாதது.
இல்லாததற்கும் சேர்த்துத்தான்
அவர் மனைவி அழுதாள்.

போலீஸ் நிலையத்துக்கு நான் கூடப் போனேன்,
ரசீது நகல்களோடு.
'ஐந்து கார்டு ஏன் கொடுத்தாய்' என்று
சார்ஜன் கேட்பார் என்று பயந்தேன்.
கேட்கவில்லை.
நோட்டைத்தான் புரட்டினார்.
இது என்ன எழுதியிருக்கிறது என்றார் மலாயில்.

அண்ணனுக்குக் குரல் வரவில்லை.
நானே படித்துச் சொன்னேன், ஒவ்வொரு வரியாக.

முதல் நாள்:
'பசியாறச் சொல்லிக் கேட்டாள். சிரித்தாள், நாலு நொடி.
பத்துக்குப் பத்து.'

இரண்டாம் நாள்:
'ஒத்துழைக்கவில்லை. பொய் சொல்கிறாள்.
பத்துக்கு ஒன்று.'

நாகேந்திரன் சுழலும் விசிறியையே
பார்த்துக்கொண்டிருந்தார்.
திருத்தட்டுமா என்று மெல்லக் கேட்டார்.

ஒன்று இருக்கட்டும் அண்ணே.
அந்தப் பத்தை அடித்துவிடுங்கள்.