ஆள்காட்டி

விடிவதற்கு இங்கே இரவு ஒன்று வேண்டியதில்லை.
மே மாதக் கடைசி. மூன்றரை மணிக்கே
லப்பாயார்வி ஏரி பால் வெளுப்பு.
பால்பண்ணை ஆய்வுக்கூடத்தில்
வாரம் ஐந்து நாள் கொழுப்பு அளக்கிறவள் நான்.
வெளுப்பில் எத்தனை வகை என்று தெரியும்.

படகு மோட்டாரை விற்றுத்தான்
இந்த நீள லென்ஸை வாங்கினேன்.
"இனி மீனும் படத்தில்தானா?" என்றார் தௌனோ.
இரண்டு வருஷமாகிறது.
இன்னும் துடுப்புப் போடுகிறார்,
இன்னும் கேட்கிறார்.

சதுப்பில் குப்புறப் படுத்தேன்.
முழங்கைக்கடியில் ஊறிய தண்ணீர்
சட்டைக் கை வழியே தோள்வரை ஏறியது.
ஒரு கொசு என் இமையில் உட்கார்ந்து
எனக்கு முன்னால் வியூஃபைண்டரில் பார்த்தது.
இரண்டு நாரைகள் இறங்கின.
ஒன்று கழுத்தை வளைத்தது,
மற்றது இறக்கையை விரிக்கத் தொடங்கியது,
என் விரல் பாதி அழுந்திவிட்டது,
அப்போது தலைக்கு மேலே
கொண்டை வைத்த கறுப்பு வெள்ளைப் பறவை
ஆள் ஆள் ஆள் என்று
ஏரிக்கே சொல்லத் தொடங்கியது.
நாரைகள் திரும்பி என்னைப் பார்த்தன,
வரிசையில் நடுவே நுழைந்தவளைப் பார்க்கிற மாதிரி.
போய்விட்டன.

நானூற்றுப் பன்னிரண்டு படம்.
நாணல் தெளிவாக, பறவை மங்கலாக.
பறவை தெளிவாக, தலை இல்லாமல்.
ஒரு கடமானின் பின்புறம்,
மிக மிகத் தெளிவாக.

மாலை ஆறு.
வெயிலுக்கு வீட்டுக்குப் போகும் எண்ணமில்லை.
பள்ளிக்குப் பின்னால் பெண்பிள்ளைகளின் பெசபல்லோ பயிற்சி.
பெச என்றால் கூடு. பல்லோ, பந்து.
ஓடிப்போய்ச் சேரும் இடமெல்லாம் எங்களுக்குக் கூடுதான்:
முதல் கூடு, இரண்டாம் கூடு, மூன்றாம் கூடு,
கடைசியில் வீட்டுக்கூடு.
சொல்லிச் சொல்லி
அந்தச் சொல்லில் ஒரு வைக்கோல்கூட மிச்சமில்லை.

எறிகிறவள் அடிக்கிறவள் பக்கத்திலேயே நின்று
பந்தை நேர் செங்குத்தாக மேலே விடுவாள்.
அந்த ஒன்றரை நொடி
மைதானம் முழுக்க மோவாய்.
அதற்காகத்தான் வருகிறேன்.
பந்து யாருக்கு வேண்டும்?
கெர்த்துவின் பல்கம்பி,
ஒனெர்வாவின் மூக்கில் அப்பிய வெயில் களிம்பு,
துய்ஸ்குவின் தொண்டையில்
இன்னும் விழுங்காத ஒரு மிடறு.

"என்னை எடுக்காதீங்க ஹில்லெவி,
இன்னைக்கு எனக்கு ஒண்ணுமே படலை" என்றாள் துய்ஸ்கு.
கேமராவை இறக்கினேன்.
இறக்கியதும் பட்டது.
மூன்றாம் கூட்டைத் தாண்டி
சுண்ணாம்புக் கோட்டின் மேலோ வெளியிலோ உருண்டு
வாய்க்கால் ஓரப் புல்லுக்குள்.

கெர்த்து தேடிப் போனாள்.
உடனே மேலே அது. ஆள் ஆள் ஆள்.
காலையில் வந்ததா, அதன் சொந்தமா, தெரியாது.
காலையில் என்னைக் காட்டிக்கொடுத்த குரல்
இப்போது தன்னையே காட்டிக்கொடுத்தது.
கெர்த்து ஒரு காலைத் தூக்கியபடி
அப்படியே நின்றாள்.

நான்கு முட்டை.
பாசி நிறத்தில் மை தெறித்து,
கூர்முனையெல்லாம் உள்ளே பார்த்து.
ஒரு சாண் தள்ளி, மஞ்சளாக, பந்து.

ஓடினேன்.
நீள லென்ஸ்; கிட்டப் பார்வை கிடையாது.
பின்னால் போ, பின்னால் போ என்றது.
போனேன். என் முன்னால் பதினோரு முதுகு.
அழுத்தினேன்.

பயிற்சியாளர் தைமி விசிலைப் பைக்குள் போட்டாள்.
நான்கு ஆரஞ்சுக் கூம்புகளைச் சுற்றி வைத்தாள்.
மூன்றாம் கூட்டை ஆறடி உள்ளே இழுத்துப் போட்டாள்.
"அப்ப நான் அடிச்சது உள்ளயா வெளியயா?"
துய்ஸ்கு அழுகிற நிலையில் கேட்டாள்.
யாரிடமும் பதில் இல்லை.
பந்தை எடுக்க யாருக்கும் கை நீளவுமில்லை.
ஒரு பந்து குறைவாக ஆடினார்கள்,
குரலைத் தணித்துக்கொண்டு.
பறவை தணிக்கவில்லை.

இரவு பத்து, மேசை மேல் இன்னும் வெயில்.
தௌனோ கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார்.
நாரையைத் தள்ளினார், நாணலைத் தள்ளினார்,
கடமானுக்குச் சிரித்தார்,
முதுகுகளிடம் நின்றார்.
"என்ன பாக்குறாங்க இவங்க எல்லாம்?"
"கூடு" என்றேன்.
"எந்தக் கூடு?"
"மூணாவதுக்குக் கொஞ்சம் பக்கத்துல."