மூன்றாம் அடுக்கு

பீடோர் சங்க மண்டபத்தில்
நாற்பது நாற்காலி. முப்பத்தொன்றில் ஆள்.
நான் கட்டிய பாட்டுகள், நானே மீட்டிய கித்தார்,
எல்லாமே எங்கள் வீடு:
அப்பா கிரீஸ் பூசிய ஈயக்கப்பல்,
விடியும்வரை கிறீச்சிடும் அதன் வாளிச் சங்கிலி,
பழுது பார்க்க நிறுத்திய இரவுகளில்
சத்தம் இல்லாமல் தூக்கம் வராத நாங்கள்.
கைதட்டினார்கள்.
தோட்டத்திலிருந்து வந்த ஒருவர் விசிலே அடித்தார்.

தவமணி அக்கா மூன்றாம் வரிசை.
முடிந்ததும் வெளியே நின்று
மீகூன் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.
"அப்பா விரலு கப்பல்ல போகலடா.
கப்பல மூடினப்புறம், தோட்டத்துல
கித்தாத் தகடு உருட்டுற மிஷின்ல போச்சு."
தெரியும்.
சுரங்கப் பாட்டில் ரப்பர் எதற்கென்று மாற்றிவிட்டேன்.
"அம்மா எப்போ அழுதாங்க?"
எதுகைக்காக அழவைத்தேன்.
ம், என்றாள். மிளகாயை ஓரத்தில் ஒதுக்கினாள்.
"அந்தச் சாப்பாட்டு அடுக்கப் பத்தி மட்டும்
என்னைக்காவது பாடி வெச்சிடாத."

எந்த அடுக்கு?

ஒன்பது வயது அவளுக்கு.
பள்ளி விட்டதும் அப்பாவுக்குப் பகல் சோறு,
செம்மண் சடக்கில் முக்கால் மைல்.
போகும்போது மேலே ரசம், நடுவில் கருவாடு, அடியில் சோறு.
வரும்போது மேலே முள், நடுவில் ஒன்றுமில்லை,
மூன்றாம் அடுக்கில் ஈயமணல்.
பார்க்கக் கொஞ்சம்போல் இருக்கும்,
கைக்குழந்தைக் கனம் கனக்கும்.

வாசலில் ஜாகா குருபச்சன்.
மேல் அடுக்கை மட்டும் திறப்பார்,
முள்ளைப் பார்ப்பார், மூடுவார்.
அப்பா சொல்லி அனுப்பியது ஒன்றுதான்:
கை தொங்கக் கூடாது.
அதனால் வீசி நடந்தாள்.
காலிப் பாத்திரத்தோடு வீடு போகிற பிள்ளை
எப்படி வீசுமோ அப்படி,
தோள் கழன்றுவிடும்போல் வலிக்க,
முகத்தில் மட்டும் விளையாட்டு.
வாயில் ஏதோ முணுமுணுப்பு.

"என்ன பாட்டுக்கா அது?"
"பாட்டா? எண்ணுவேன்டா, இழுத்து இழுத்து.
நூத்திப் பன்னெண்டுல மூங்கில் வளைவு வந்துடும்.
அங்க போயி கீழ வெப்பேன்."

பாதி விலைக்கு எடுத்துக்கொண்டவர்
கடைத்தெருவில் சைக்கிள் பழுது பார்த்த ஆ சோங்.
"அந்த வருசந்தான் நீ பொறந்த.
அம்மாவுக்குப் பால் இல்ல.
பால்மாவு டின்னு பூராவும் அதுதான்."
விரலை நக்கினாள். பொட்டலத்தை நாலாக மடித்தாள்.
"அம்மா இன்னும் இருக்காங்க.
அப்பாவத் திருடன்னு நீ பாடுவ,
ஊரு கைதட்டும். வேணாம்."

பாடவில்லை அக்கா.
இதற்கு மெட்டு இல்லை,
திரும்பத் திரும்ப வந்து நிற்கும் பல்லவியும் இல்லை.
கண்ணாடியைத் தேடி எடுத்து நீ படித்தால்
திட்டுவாய், அதுவும் தெரியும்.

அன்றிரவு பெட்டியில் கித்தார், வயர்கள்,
ஒருவரும் வாங்காத இருபத்தாறு குறுந்தட்டுகள்.
காருக்குத் தூக்கிப்போனது அவள்தான்.
மழை விட்ட தார்ச்சாலையில்
எனக்கு முன்னால் போனாள்
பெட்டியை வீசிக்கொண்டே.