சேம் சைடு கோல்

டிசம்பரில், கிரீனக் ஊரில்,
நாலு மணிக்கே இருட்டிவிடும்.
மழை பக்கவாட்டில் பெய்யும்.
வெள்ளிதோறும் கடைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வருவார்
ஆர்ச்சி கில்ஹூலி.
இடது முழங்கால் மட்டும்
ஒரு கணம் தாமதமாக உள்ளே வரும்.

கையில் ஒரு கொத்துச் சாவி.
எந்தக் கதவையும் திறக்காத நீல பிளாஸ்டிக் சாவிகள்;
மீட்டரில் செருகினால்
கட்டிய காசுக்கு வெளிச்சம் தரும்.
ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி வீட்டு எண்:
பதினான்கு. இருபத்தேழு பி.
கைக்குழந்தை இருக்கும் மூன்றாம் மாடி.
நான் ஒவ்வொன்றாக இயந்திரத்தில் சொருகிப்
பத்துப் பத்து பவுண்டாய் ஏற்றுவேன்.

பணம் வரும் வழியைச் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு சீசன், முந்நூற்று நாற்பத்தொரு ஆட்டம்,
லெஃப்ட் பேக்.
எதிரணி வலையில் அவர் போட்டது மூன்று.
யாருக்கும் நினைவில்லை; ஒன்றைப் பற்றி அவருக்கே சந்தேகம்.
ஊருக்கு நினைவிருப்பது வேறு:
கோப்பை அரையிறுதி, எண்பத்தெட்டாம் நிமிடம்,
தலையால் பின்னுக்குத் தட்டிய பந்து
சொந்த கீப்பரைத் தாண்டி
வீட்டுப் பூனைபோல் நிதானமாய் உள்ளே போனது.

எங்கள் வியாசர்பாடியில் இதற்குப் பெயர் சேம் சைடு கோல்.
மேடையில் தன் கட்சியையே கவிழ்க்கும் பேச்சாளருக்கும்
கல்யாணப் பேச்சில் உளறிக்கொட்டும் மாமாவுக்கும்
அதே பெயர்தான் என்றேன்.
கண்ணில் நீர் வரச் சிரித்தார். எழுதித் தரச் சொன்னார்.
கல்லாவருகே இருக்கும் தகர டப்பாவில்
யாரும் படிக்காத என் தமிழ் எழுத்து அதுதான்.
கீழே ஆங்கிலத்தில்:
என்னைத் திட்ட ஒரு பவுண்டு.

திட்டுகிறார்கள்.
அன்று பிறந்தேயிராத பிள்ளைகள்கூட
அப்பாவின் கோபத்தைக் கொண்டுவந்து கட்டுகிறார்கள்.
இந்த மாதம் இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு.
"நான் போட்டதிலேயே லாபமான கோல்" என்பார் ஆர்ச்சி,
ஈரத் தொப்பியை ரேடியேட்டர்மேல் வைத்தபடி.

போன வாரக் கொத்தில் ஒரு புதுச் சாவி.
எண் இல்லை. இரண்டு எழுத்து: டி.எம்.
"இதில் இருபது போடு.
யார் கட்டியதென்று கேட்டால் கவுன்சில் என்று சொல்."
டூகல்ட் மக்ஃபெயில்.
அன்றைய கீப்பர்.
இருவரும் பேசி முப்பத்தொரு வருடம்.

செவ்வாயன்று டூகல்ட் வந்தார்.
ஒரு பைண்ட் பால், மலிவு ரொட்டி.
மீதிச் சில்லறையில் ஒரு பவுண்டை
டப்பாமேல் பிடித்துக்கொண்டு நின்றார்.
பின்னால் வரிசை நெளிந்தது.
"திட்டினால்தான் போடலாம்" என்றேன்.

"என் பந்து என்று நான் கத்தியிருக்கணும்."
மழையைப் பார்த்துச் சொன்னார்.
"கத்தவில்லை."

காசு விழுந்தது.
யாரைத் திட்டிய கணக்கில் எழுதுவது?

நாளை வெள்ளி.
ஆர்ச்சியிடம் சொல்வதா வேண்டாமா, தெரியவில்லை.
நாலு மணிக்கே இருட்டு வந்துவிடும்.
அவரும்.